பதினேழாம் கேள்வி

அத்தியாயம் பதினொன்று

அந்தக் கடித உறையை மங்கையற்கரசி சோற்றுப் பசை வைத்து ஒட்டி மூன்று கிழமை ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

உறைக்குள் என்ன இருந்தது என்பது போன கிழமை இந்தக் கதையோடு கூட இருந்தவர்களுக்குத் தெரியும். இன்றுதான் இந்த வீட்டுப் படியேறுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. கல்லடியில் மணிக்கூடு திருத்துகிற அழகரத்தினம், முப்பத்தொன்பது வயதில், பதினோரு வருடம் குடும்பம் நடத்திய பிறகு, திருச்சபையின் முழுநேர ஊழியத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். முன்பென்றால் போதகர் ஐயா நாலு வரி எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். இந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருடம் சபை புதிதாக ஒரு வழி பிடித்திருக்கிறது. ஆளின் குணத்தை அளக்கிற வினாத்தாள். நூற்றிருபது வசனம், கடைசி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். புள்ளி கூட்டிப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்டவர், எந்த ஊழியத்துக்குப் பொருந்துவார் என்பது தெரிந்துவிடுமாம்.

விண்ணப்பித்தவருக்கு ஒரு தாள். அவருடைய மனைவிக்கும் ஒரு தாள், புருஷனைப் பற்றி. அதைப் புருஷன் பார்க்காமல் நிரப்பி ஒட்டிக் கொடுக்கவேண்டும்.

அங்கேதான் மங்கை கை வைத்தாள். பதினேழாவது வசனம், 'கோபம் வந்தால் தன்னைக் கட்டுப்படுத்த இயலாதவர்.' அதற்கு எதிரே 'ஆம்' என்ற கட்டத்தில், பென்சில் முனை உடைய, ஒரு கோடு போட்டாள்.

அழகரத்தினத்துக்கா கோபம்! சட்டைக்குள் எறும்பு புகுந்து கடித்தாலும் அதை நோகாமல் எடுத்து வேலியில் விடுகிற மனுஷன். அவர் கோபக்காரர் என்றால் கல்லடியில் நாய்கூட நம்பாது. ஆனால் கண்டியிலிருந்து வந்து தாள் திருத்துகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஊழியம் என்றால் படுவான்கரைக்குப் போகவேண்டும், டவுனையும் தாண்டி வாவிக்கு அந்தப் பக்கம். ஆடியில் சைக்கிளில் அந்தப் பக்கம் போன இன்னொரு சபையின் ஊழியர் மார்கழி ஆகியும் வரவில்லை. அவருடைய மனைவியைச் சந்தையில் கண்ட நாளில்தான் மங்கை பென்சிலைக் கூராக்கினாள்.

அந்த உறையைப் போதகர் ஐயாவின் குருமனையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் யார்? அழகரத்தினமேதான். மழை படாமல் சட்டைக்குள் வைத்து.

இன்று வியாழக்கிழமை. தாள் திருத்துகிற மிஸ் கண்டியிலிருந்து வந்திருக்கிறார். ஒன்பதரைக்குப் புருஷனும் மனைவியும் நேரில் வரவேண்டும்.

"அக்கா, உன்ட முகமே காட்டிக் குடுத்திரும்," என்றான் வினாயகமூர்த்தி. மங்கையின் தம்பி. கிரானிலிருந்து நெல் குத்தின அரிசியோடு நேற்று வந்தவன், இன்று அக்காவின் மகள் கிருபாவைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டான். பதினேழாம் கேள்வியின் ரகசியம் இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"என்ட முகத்துக்கு என்னடா?"

"களவெடுத்த பூனை மாதிரி இரிக்கி. நீ செஞ்சது சரிதான். அத்தான் நல்லவர், அதுதான் பயம். நல்லவங்கதான் போனா வாறல்ல. நீ வாயத் திறக்காம இரு, மறுகா எல்லாம் தன்னால முடியும்."

அழகரத்தினம் அறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை. கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டை, இடுப்பில் இப்போது தளர்வு. "போவமா புள்ள?" என்றார், கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுகிற குரலில்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். டவுனுக்குப் போகிற பாலத்துக்கு இன்னும் நூறு கஜம் இருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் மூச்சிரைக்கக் கூப்பிட்டது.

"மகன்! மணிக்கூட்டுக்கார மகன்!"

காத்தான்குடி ஆமினா உம்மா. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் செருப்போடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

அழகரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இண்டைக்கு வியாழனல்லவா!"

ஆமினா உம்மாவுக்கு வியாழன்தோறும் ஒரு வேலை உண்டு. காத்தான்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கடை வாசலில் நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் கேட்டதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய் வராமல்போன மகனின் மணிக்கூடு அழகரத்தினத்தின் கடை மேசை லாச்சியில் இருக்கிறது.

"கடை பூட்டிக் கிடந்திச்சி மகன். பக்கத்துல கேட்டா தெரியா எண்டாங்க. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப் போச்சி. உங்களையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்களோ எண்டு..."

"நான் இஞ்சதான் நிக்கன் உம்மா. மறந்துபோனன், என்ட பிழைதான்."

"ஓடுதா மகன்?"

அழகரத்தினம் கடைப் பக்கம் பார்த்தார். 'ஓடுது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்று காலையில் கடைக்கே போகாத மனுஷன், அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்காத மனுஷன், பார்த்தது போல் எப்படிச் சொல்வார்? அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"நீ முன்னால போ புள்ள. அவங்களுக்கிட்டச் சொல்லு. நான் சாவி குடுத்துக் காட்டிப்போட்டு எட்டிப் பிடிக்கன். பத்து நிமிஷம்."

"நேரம் போகுது!"

"மணிக்கூட்டுக்காரனுக்கே நேரம் சொல்றியா?" சிரித்துக்கொண்டே மிதித்தார். ஆமினா உம்மா பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மங்கை பாலத்தில் ஏறினாள். காவலரணில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அவள் அந்தக் கரையில் கால் வைத்த நேரம் பின்னால் விசில் சத்தம் கேட்டது. இராணுவ வாகனத் தொடர் ஒன்று வருகிறதாம். பாலத்தை மறித்துவிட்டார்கள்.

அவர் அந்தப் பக்கம். அவள் இந்தப் பக்கம்.

கோட்டைமுனை தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் கண்டி மிஸ் ஒரு மேசையோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு.

"அவர் வாறார் மிஸ். பாலம் பூட்டிப்போட்டாங்க."

"பதினொரு மணிக்கு எங்க வேன் போகணும். அதுக்குப் பிறகு ரோட்டுல விடமாட்டாங்களாம்." மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பது. "பரவாயில்ல. உங்ககிட்ட முதல்ல பேசலாம். உட்காருங்க."

மங்கை வாசலைப் பார்த்தபடி கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஸ் அதைக் கவனித்தார்.

"ஒளிக்காம சொல்றேன்," மிஸ் ஒரு தாளை எடுத்து வைத்தார். "உங்க கணவருக்குச் சந்தேகப் புள்ளி ரொம்பக் கூட. பயமும் அப்படித்தான். இந்த அளவுக்கு மேல இருந்தா ஊழியத்துக்கு எடுக்கக்கூடாதுன்னு வினாத்தாளோட வந்த புத்தகம் சொல்லுது. இது மட்டும் இல்ல. இந்தப் பக்கத்துல இருந்து விண்ணப்பிச்ச ஆறு பேருக்கும் இதே கதை. ராத்திரி முழுக்க மறுபடி கூட்டிப் பார்த்தேன். கணக்குல பிழை இல்ல."

"என்ன கேட்டிருந்திச்சி மிஸ்?"

மிஸ் வாசித்தார். "'சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்வேன்.' ஆம். 'யாரோ என்னைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றும்.' ஆம். 'வீட்டை விட்டுப் போகும்போது திரும்பி வருவேனா என்று நினைப்பேன்.' ஆம். 'வாசலைப் பார்த்தபடி உட்காரவே விரும்புவேன்.'" நிமிர்ந்து மங்கை உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். "ஆம்."

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெஞ்சுக்குள் மூன்று கிழமையாகக் கிடந்த கல்லோடு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

"என்னம்மா?"

"மன்னிச்சிக்கங்க மிஸ். நீங்க வரக்குள்ள உங்கள எத்தின இடத்துல நிப்பாட்டினாங்க?"

"ஏழு."

"உங்களக் கவனிச்சாங்களா?"

"கவனிச்சாங்க. என் பையை மூணு தரம்..."

"ராத்திரி ஷெல் சத்தம் கேட்டிரிக்குமே. முழிச்சீங்களா?"

மிஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மேசையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அப்ப நீங்களும் 'ஆம்'தான் போடணும் மிஸ். உங்களையும் ஊழியத்துக்கு எடுக்கேலா."

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று மங்கைக்கு உறைத்தது. வினாயகமூர்த்தி வாயைத் திறக்காமல் இரு என்றானே! தாளே அழகரத்தினத்தைத் தள்ளிவிட்டிருந்தது. பதினேழாம் கேள்விக்கு வேலையே இருந்திருக்காது. சும்மா இருந்திருந்தால் பாவமும் இல்லை, படுவான்கரையும் இல்லை. இவள்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

மிஸ் ஆறு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இந்தக் கேள்விகளை எழுதினவங்க பாலத்துல நடக்காதவங்க," என்றார் மெதுவாக. "நல்ல காலம் நீங்க சொன்னீங்க. ஆறு பேரையும் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். பயப்புள்ளியை எடுத்துட்டு மறுபடி பார்க்கிறேன். ஆனா உங்க கணவர் விஷயத்துல இன்னும் ஒண்ணு நிக்குது."

மங்கை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"மற்ற அஞ்சு பேரோட மனைவிமாரும் எழுதாத ஒண்ணு நீங்க எழுதியிருக்கீங்க. பதினேழு. கோபம் அடக்க முடியாதவர்னு. மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா முன்னால கோபக்காரரை உட்காரவைக்க எனக்கு மனசு வராது. கடைசியா எப்ப கோபப்பட்டார்?"

மண்டபத்துக்கு வெளியே எங்கோ ஒரு வாகனம் போனது. மங்கை வாசலைப் பார்த்தாள். அவர் இல்லை. மணி பத்து பத்து.

ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும். ஒரு சின்னக் கோபமாவது ஞாபகத்தில் அகப்படுமா என்று பதினோரு வருடத்தையும் துழாவினாள். உப்பில்லாத கறிக்குச் சத்தம் போட்டாரா? இல்லை. கிருபா அவர் மணிக்கூட்டு முள் பிடிக்கிற சாமணத்தைக் கிணற்றுக்குள் போட்டாளே, அப்போது? சிரித்தார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் மிஸ். சத்தம் போட்டார். அயலுக்கெல்லாம் கேட்டிச்சி."

"எதுக்கு?"

"அவருக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் கடை திறக்கல்ல. லாச்சியில பதினாலு மணிக்கூடு இரிக்கி. அதுக்கு விடியச் சாவி குடுக்கணும். நான் குடுக்க மறந்துபோனன். எல்லாம் நிண்டு போச்சி. அப்பதான் கத்தினார்."

"பதினாலு பேர் திருத்தக் குடுத்ததா?"

"இல்ல மிஸ். ஒண்டும் பழுதில்ல." மங்கை வேறு வழியில்லாமல் தொடர்ந்தாள். "காணாமப்போன புள்ளைகள்ற மணிக்கூடு. ஒரு தாய் முதல்ல கொண்டுவந்தா. மகன் வரக்குள்ள ஓடிக்கிட்டு இரிக்கணும், வீட்டுல வெச்சா பாத்துப் பாத்து அழுகுறன், நீங்க வெச்சிக்கங்க எண்டு. மறுகா ஒவ்வொருத்தரா வந்தாங்க. தமிழ் ஆக்கள், சோனக ஆக்கள், எல்லாரும். கடைக்கு வந்து 'ஓடுதா' எண்டு கேப்பாங்க. இவர் காதுல வெச்சிக் காட்டுவார். அவ்வளவுதான். ஒரு வசனம் ஆறுதல் சொல்லத் தெரியாது இவருக்கு. கூட இருப்பார், அவங்க எழும்பிப் போகுமட்டும். இண்டைக்கும் அதுக்குத்தான் திரும்பிப் போனார். ஒரு உம்மா கடை பூட்டிக் கிடந்ததப் பாத்துப் பயந்து..."

சொல்லிக்கொண்டு போனவள் தன் குரலைத் தானே கேட்டாள். இந்த மனுஷனையா கோபக்காரர் என்று எழுதினோம்! பதினோரு வருடமாகப் பக்கத்தில் படுத்து எழும்புகிறவரை இன்றுதான், யாரோ ஒரு கண்டி மிஸ்ஸுக்குச் சொல்லும்போதுதான், அவள் முழுதாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அந்தத் தாளைத் தாங்க மிஸ்."

"எதுக்கு?"

"நான் பொய் எழுதிட்டன். அவரை நீங்க எடுத்திரப்படாது எண்டு எழுதினன். படுவான்கரைக்குப் போய் வராமப் போயிருவார் எண்டு பயம். அவருக்குக் கோவம் வந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் பிறகு எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப என்னையும் எழுதிக்கங்க. புருஷனப் பத்திப் பொய் சொல்ற பொம்புள எண்டு."

மிஸ் தாளைக் கொடுக்கவில்லை. வேறொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அழகரத்தினத்தின் தாள், கடைசிப் பக்கம். மணிக்கூட்டுக்குள் எழுதுவது போல் பொடிப் பொடியான கையெழுத்து.

"நூற்றிருபதாவது கேள்வி மட்டும் கையால எழுதணும். 'உங்கள் மனைவி இந்த அழைப்புக்குச் சம்மதிக்கிறாரா?' வாசிங்க."

மங்கை வாசித்தாள்.

'வாயால் சம்மதித்தாள். மனதால் இல்லை. அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் பிழை இல்லை. அவள் தன் தாளில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் தயவுசெய்து அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். அவள் மனதாரச் சம்மதிக்கும்வரை நான் காத்திருப்பேன்.'

"கேட்க வேணாம்னு எழுதியிருக்கார்," என்றார் மிஸ். "நான் கேட்டுட்டேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த உறையை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மங்கை மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். வெட்கத்தில் பாதி. மீதி நன்றி. இப்படி ஒருவர் தனக்கு வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கலியாணத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இயேசுவுக்கும் சொன்னாள், சின்ன வயதிலிருந்து கூட இருந்த கண்ணகி அம்மனுக்கும் சொன்னாள். யாரும் கோபித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாற்பதுக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பாலம் இப்பதான் விட்டாங்க," என்றார் அழகரத்தினம். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓடுதா?" என்று கேட்டாள் மங்கை.

"ஓடுது புள்ள."

மிஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் மிச்சம் இருந்தது. சுற்றி வளைக்காமல் பேசினார். "அழகரத்தினம், ஒரு சபையை ஏற்று நடத்த உங்களுக்கு வராது. கூட்டத்துக்கு முன்னால பேசுறதுக்கு உங்க புள்ளி ரொம்பக் குறைவு. அதை நான் நம்புறேன்."

"நானும் நம்புறன் மிஸ்," என்றார் அவர், பாரம் இறங்கினவர் போல.

"ஆனா ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற வேலை ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரியிலயும், ஆளைத் தொலைச்ச வீடுகளிலயும். அதுக்கு யாரை வைக்கிறதுன்னு தெரியாமத்தான் சபை ரெண்டு வருஷமா நிக்குது. உங்க பேரை எழுதப்போறேன். பெரும்பாலும் டவுன்லதான். கடையைப் பூட்ட வேணாம். மாசத்துல ரெண்டு நாள் படுவான்கரைக்குப் போகவேண்டி வரும். அதை நான் மறைக்கமாட்டேன்."

அழகரத்தினம் மனைவியைத்தான் பார்த்தார்.

மங்கையின் பயம் போய்விடவில்லை. ஆனாலும் வார்த்தை தடுமாறாமல் வந்தது. "போங்க. நான் மனதாரத்தான் சொல்றன்."

மிஸ் எழுதி முடித்தார். வேன் சாரதி ஹோர்ன் அடித்தான். மிஸ் பையைத் தூக்கிக்கொண்டு, நின்று, பைக்குள்ளிருந்து புதிய தாள்கள் இரண்டை எடுத்து மங்கையின் கையில் வைத்தார்.

"அந்த வீடுகள்ல அம்மாமார் ஒரு பொம்பளைகிட்டத்தான் வாய் திறப்பாங்க. ஆறு பேரைத் திருப்பி அனுப்ப இருந்த என்னை நிறுத்தினது நீங்க. செஞ்ச பிழையை நீங்களே சொன்னீங்க. ஒண்ணு நீங்க நிரப்புங்க. மற்றது உங்களைப் பத்தி உங்க கணவர் நிரப்பணும். அடுத்த திங்களுக்குள்ள குருமனையில குடுத்திருங்க."

வீட்டில் வினாயகமூர்த்தி சோறாக்கி, கிருபாவுக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னி வைத்திருந்தான். கதையைக் கேட்டு முடித்ததும் அகப்பையும் கையுமாக நின்றுவிட்டான்.

"உன்ன வாயத் திறக்காத எண்டு சொல்லித்தானே அனுப்பினன்?"

"திறந்ததாலதான் தப்பினன்டா தம்பி."

"அது சரி அக்கா. ரெண்டு பேரும் வெளிக்கிட்டா, ஒரு நாள் பாலத்தப் பூட்டினா, இவளுக்கு ஆரு?"

கிருபா சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

மதிய வெயில் சாய்ந்த பிறகு அழகரத்தினம் மேசையில் உட்கார்ந்தார். சாமணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பென்சிலைக் கூராக்கி, மனைவியைப் பற்றிய தாளை ஒவ்வொரு வசனமாக வாசித்து வாசித்துக் கோடு போட்டார். மங்கை அடுப்படி வேலையாக நிற்பது போல் பாவனை செய்துகொண்டு மேசைப் பக்கமே நின்றாள்.

ஒரு இடத்தில் பென்சில் நின்றது.

"புள்ள, பதினேழு வந்திட்டுது."

"உண்மைய எழுதுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். குனிந்தார். கோடு போடும்போது இடது கையால் தாளை மூடிக்கொண்டார்.

"என்ன போட்டீங்க?"

"பாக்கப்படாது எண்டு மேல எழுதியிரிக்கி," என்றார் அழகரத்தினம். "சோத்துப் பசை கொண்டா. இத நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."